ஈரலில் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் பல வருடம் கழித்து வரும் பரவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி ரிப்போர்ட்டில் 'நியூரோஎண்டோகிரைன்' என்ற சொல்லைப் பார்த்த குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பெயர் நீளம் என்பதால் 'நெட்' என்ற சுருக்கமே இங்கும். மருந்து அளவுகள் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை. மாற்றுவதென்றால் மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

ஈரல்ல கட்டின்னு சொல்றாங்க, ஆனா ஈரல் புற்றுநோய் இல்லைங்கிறாங்க. அப்ப இது என்ன?

வழக்கமாக 'ஈரல் புற்றுநோய்' என்று சொல்வது ஈரலின் சொந்தச் செல்களில் பிறப்பதை. நெட் வேறு வகை. குடல், கணையம், நுரையீரல் என்று உடம்பெங்கும் சிதறிக் கிடக்கும், ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வருவது. 1907இல் ஜெர்மானிய நோயியலாளர் ஓபர்ன்டார்ஃபர் இதற்குக் 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோயைப் போன்றது, என்று பெயர் வைத்தார். 1929இல் அவரே இது பரவவும் கூடும் என்று எழுதினார். ஆனால் முதலில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. 'கார்சினாய்டுதானே, ஒன்றும் ஆகாது' என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. இது புற்றுநோய்தான். பெரும்பாலும் மெதுவாக நகர்வது.

சிடி ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் ஆரம்பக் குழப்பம். இரண்டுமே மருந்து தமனியில் ஓடும் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். சிரோசிஸ் உள்ள, அதாவது தழும்பேறிச் சுருங்கிய, ஈரலில் இந்தப் படத்தை வைத்தே ஈரல் புற்றுநோய் என்று முடிவு கட்டலாம், பயாப்சி வேண்டாம் என்பது நடைமுறை. சிரோசிஸும் இல்லை, ஹெபடைட்டிஸ் பி-யும் இல்லை, ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி என்ற ஈரல் புற்றுநோய்க் குறியின் அளவும் சாதாரணம் என்றால் அந்தக் குறுக்குவழி செல்லாது. பயாப்சி எடுத்தே ஆக வேண்டும்.

இது ஈரல்லயே வந்ததா, வேற எங்கிருந்தோ வந்ததா? ரிப்போர்ட்ல அதைப் போடவே இல்லையே?

போட முடியாது என்பதுதான் காரணம். பயாப்சித் துண்டில் சாயங்கள் போட்டுத்தான் செல்லின் வகையைப் பார்ப்பார்கள். ஈரலில் பிறந்த நெட்டுக்கென்று தனிச் சாயம் கிடையாது. குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் இரண்டும் பாசிட்டிவ் என்றால் 'இது நெட்' என்று மட்டும் தெரியும். மூலத்தை, அதாவது கட்டி முதலில் பிறந்த இடத்தை, காட்டிக்கொடுக்கும் சாயங்கள் வேறு. சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ் என்றால் சிறுகுடல் பக்கம் சந்தேகம் போகும், டிடிஎஃப்-1 என்றால் நுரையீரல், ஐஎஸ்எல்1 என்றால் கணையம் அல்லது மலக்குடல். இவை உறுதியான சாட்சிகள் அல்ல, துப்புகள். ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்களே இல்லையென்றால், பயாப்சித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே பிளாக்கில் இந்தச் சாயங்களையும் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கணக்கு என்னவென்றால், ஈரலில் காணப்படும் நெட்களில் மிகப் பெரும்பான்மை வேறிடத்திலிருந்து வந்தவை. ஈரலிலேயே பிறப்பது மொத்த நெட்களில் சுமார் 0.3% மட்டுமே. 1958இல் எட்மண்ட்சன் அதை முதன்முதலாக விவரித்தார். ஆகவே 'ஈரலிலேயே பிறந்தது' என்பது மற்ற எல்லா இடங்களையும் தேடி ஒன்றும் கிடைக்காதபோது வந்து சேரும் முடிவு.

எல்லா ஸ்கேனும் எடுத்தாச்சு, வேற எங்கயும் எதுவும் இல்ல. அப்ப ஈரல்தான்னு வச்சுக்கலாமா?

'எல்லா ஸ்கேனும்' என்றால் எவை எவை என்று முதலில் பாருங்கள். நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சிடி. மேல் எண்டோஸ்கோப்பி. கொலனோஸ்கோப்பி, அதுவும் பெருங்குடலோடு நிற்காமல் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் குழாய் நுழைந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'டெர்மினல் இலியம்' பார்த்ததாக ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலியம்-68 டோட்டாடேட் அல்லது டோட்டாநாக் பெட்-சிடி, அதாவது நெட் செல்களில் ஒட்டி ஒளிரும் மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேன். சாதாரண சர்க்கரை பெட், அதாவது எஃப்டிஜி, இதற்கு ஈடாகாது. மெதுவாக வளரும் நெட் சர்க்கரையை அதிகம் இழுப்பதில்லை. கணையத்தில் சந்தேகம் என்றால் எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்டும் உண்டு.

இத்தனைக்கும் தப்பும் ஒரு திருடன் சிறுகுடலில் இருக்கிறான். மூலக் கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஈரலில் இருக்கும் பரவல் ஆரஞ்சுப் பழ அளவு இருக்கும். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலக் கட்டிகள் இருப்பதும் உண்டு. அறுவையின்போது சர்ஜன் சிறுகுடலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை விரல்களுக்கிடையே உருட்டித் தடவிப் பார்ப்பது இன்றும் ஸ்கேனை மிஞ்சும் சோதனை. எனவே 'ஈரல்தான்' என்பதை இப்போதைக்கான முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் 'இப்போதைக்கு' என்பது எட்டு வருடம் பற்றிய கேள்வியில் வருகிறது.

கேஐ-67 4%ன்னு இருக்கு. நாலு சதவீதம்தான் கேன்சர்னு அர்த்தமா?

இல்லை. கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாமே நெட் செல்கள்தான். அவற்றில் நூற்றுக்கு நான்கு, மாதிரி எடுத்த நேரத்தில் பிளவுபடும் சுழற்சியில் இருந்தன என்பதே பொருள். 3%க்குக் கீழ் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, 20க்கு மேல் கிரேடு 3. அந்த மூன்றாவதற்குள் இரண்டு வேறு நோய்கள் உண்டு. செல்கள் ஒழுங்கான உருவத்தோடு இருந்தால் கிரேடு 3 நெட். உருக்குலைந்து இருந்தால் 'நெக்' எனப்படும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. அது வேகமானது, அதற்குக் கீமோ வேறு. இந்தப் பக்கத்தில் சொல்லும் 'மெதுவானது' என்ற பேச்சு நெக்குக்குப் பொருந்தாது.

எண்ணும் இடமும் முக்கியம். மிக அதிகமாகப் பிளவுபடும் பகுதியில் குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும். மெல்லிய ஊசி பயாப்சியில் அவ்வளவு செல்கள் கிடைக்காமல் போகலாம், கிடைத்த இடம் கட்டியின் சோம்பேறி மூலையாகவும் இருக்கலாம். அறுவைக்குப் பிறகு கிரேடு கூடி வந்தால் நோய் திடீரென்று முற்றியதாக நினைக்க வேண்டியதில்லை. முதலில் சரியாகப் பிடிபடாமல் இருந்திருக்கும்.

அப்பாவுக்கு முகம் சிவக்கல, பேதியும் இல்ல. கார்சினாய்டுன்னா அதெல்லாம் வரணுமாமே?

வர வேண்டிய கட்டாயம் இல்லை. செரட்டோனின் போன்ற பொருட்களைச் சுரக்கும் கட்டிகளில்தான் அவை வரும். ஈரலில் பிறந்த நெட்களில் அது அபூர்வம். பலருக்கு வயிற்றில் ஒரு பாரம் மட்டுமே இருக்கும். வேறெதற்கோ எடுத்த அல்ட்ராசவுண்டில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் உண்டு.

வந்தால் எப்படி இருக்கும்? முகமும் கழுத்தும் வியர்வை இல்லாமல் சிவந்து சூடாகும், சில நிமிடத்தில் அடங்கும். இரவிலும் எழுப்பும் நீர்ப்பேதி. இளைப்பு. குடலில் சுரப்பதை ஈரல் வடிகட்டிவிடும், ஈரலிலேயே இருக்கும் கட்டி சுரப்பது நேராக இதயத்துக்குப் போகும். அதனால்தான் இதயத்தின் வலப்பக்க வால்வுகள் தடித்து ஒழுகத் தொடங்குகின்றன. கால் வீக்கம், வயிற்றில் நீர் என்று வந்தால் ஈரலைக் குற்றம் சொல்லும் முன் எக்கோ எடுக்க வேண்டும்.

24 மணி நேர யூரின் டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன சாப்பிடக் கூடாது?

5-எச்ஐஏஏ என்ற சோதனை அது, செரட்டோனின் சிதைந்து சிறுநீரில் வரும் பொருளை அளப்பது. மூன்று நாளுக்கு முன்பே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய், கிவி, பிளம், வால்நட், அவகாடோ எல்லாம் நிறுத்த வேண்டும். நம் வீட்டில் சிக்கல் தக்காளியில்தான். ரசம், சாம்பார், சட்னி எல்லாவற்றிலும் இருக்கும். அந்த மூன்று நாளும் புளி மட்டும் கரைத்த குழம்பும் மோரும் போதும். குவாய்ஃபெனசின் சேர்ந்த இருமல் மருந்தும் கூடாது. சேகரிப்பில் நடக்கும் தவறு: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும், அப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மறுநாள் காலை முதல் சிறுநீரைச் சேர்த்ததோடு முடியும். கேனில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தருவார்கள். அழுக்கென்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள்.

ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின் ஏ-வைக் கெடுப்பது கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரையைத் தினமும் போடுபவர்களுக்கு நோய் இல்லாமலேயே அளவு பல மடங்கு ஏறிக் காட்டும். மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுங்கள். சிறுநீரகக் கோளாறிலும் ஏறும். இந்த ஒற்றை எண்ணை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

ஆபரேஷன்ல முழுசா எடுத்தாச்சுன்னாங்க. எட்டு வருஷம் கழிச்சு எப்படித் திரும்ப வந்துச்சு?

'முழுசா' என்பது கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்த வரை. நெட் பரவலுக்காக அறுத்தெடுத்த ஈரலைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் பார்த்தபோது, அறுவைக்கு முன் படங்களில் தெரியாத சிறு முடிச்சுகள் ஏராளமாகக் கிடந்தன. கடுகு அளவு முடிச்சு மெதுவாக இரட்டித்து இரட்டித்து ஒரு சென்டிமீட்டர் ஆக வருடக்கணக்கில் ஆகும். எட்டு வருடம் கழித்து வந்தது புதிதாகப் பிறந்ததல்ல. அன்றே இருந்தது, இன்று தெரிகிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நெட் பரவலுக்காக ஈரல் அறுவை செய்துகொண்ட 170 பேரின் கணக்கு 2003இல் வெளியானது. ஐந்து வருடத்தில் 84% பேருக்கு நோய் திரும்பியது, ஆனால் 61% பேர் ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திரும்புவது சகஜம், திரும்பினாலும் வருடங்கள் கிடைக்கின்றன. ஈரலிலேயே பிறந்த ஒற்றைக் கட்டியை எடுத்தவர்களுக்குத் திரும்பும் வீதம் இதைவிட வெகு குறைவு.

இரண்டாவது காரணமும் உண்டு. ஈரலில் பிறந்தது என்று முத்திரை குத்தப்பட்ட கட்டிக்கு உண்மையில் சிறுகுடலில் ஒரு மூலம் ஒளிந்திருந்து, பல வருடம் கழித்து வெளியே வரலாம். அப்போது 'தாமதமான பரவல்' என்பதே தலைகீழாகிவிடும். ஈரலில் பார்த்ததுதான் பரவல், இப்போது கிடைத்ததுதான் மூலம். நோய் திரும்பியதும் மருத்துவர்கள் மீண்டும் குடலைத் தேடச் சொல்வது இதனால்தான்.

அஞ்சு வருஷம் தாண்டிட்டா செக்கப்பை நிறுத்திடலாம்ல?

கூடாது. ஐந்து வருடக் கணக்கு மார்பகம், பெருங்குடல் போன்ற நோய்களைப் பார்த்துப் பழகியது. நெட்டுக்குக் குறைந்தது பத்து வருடம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். ஈரல் சம்பந்தப்பட்டிருந்தால் ஆயுள் முழுக்கப் பார்ப்பதே நல்லது. அறுவை முடிந்து முதல் ஒரு வருடத்துக்குள் ஒரு முறையாவது, பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை சிடி அல்லது எம்ஆர்ஐ. சிறிய ஈரல் முடிச்சுகளுக்கு எம்ஆர்ஐதான் மேல். டோட்டாடேட் பெட்டில் ஈரலே ஓரளவு ஒளிர்வதால் சின்னவை அதில் கரைந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒப்பிடப் போவது சென்ற முறையோடு மட்டும் என்றால் ஏமாறுவோம். வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வளர்வது 'மாற்றமில்லை' என்றே எழுதப்படும். ஐந்து ரிப்போர்ட் வரிசையாக 'மாற்றமில்லை', கூட்டிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர். முதல் ஸ்கேன் பதிந்த டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்து, 'இதோடும் ஒப்பிடுங்கள்' என்று ரேடியாலஜி கவுண்டரில் கொடுங்கள். ஃபிலிமைவிட டிஸ்க் நல்லது, டிஸ்க்கில் இருப்பதைப் பென்டிரைவில் ஏற்றி வைப்பது அதைவிட நல்லது.

திரும்ப வந்தா எங்க வரும்? முதுகு வலிச்சாலே பயமா இருக்கு.

மிச்சமிருக்கும் ஈரல், வயிற்று நெறிக்கட்டிகள், எலும்பு, நுரையீரல், வயிற்று உறை. எலும்பில் வந்தால் பல நேரம் வலியே இருக்காது, டோட்டாடேட் பெட்டில்தான் முதலில் தெரியும். சிடியில் அதே இடம் சாதாரணமாக இருக்கலாம். குனிந்து குடம் தூக்கியதால் வந்த முதுகு வலி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். படுத்தாலும் இரவில் குத்தும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பெட் ரிப்போர்ட்டைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். கணையத்தின் தலைப்பகுதி, மண்ணீரல், அட்ரினல் இவை இயல்பாகவே ஒளிரும். வரியை மட்டும் படித்துவிட்டு 'கணையத்துக்கும் போய்விட்டது' என்று முடிவு செய்யாதீர்கள்.

பழைய கட்டிதானே திரும்பியிருக்கு. எதுக்கு மறுபடி பயாப்சி?

திரும்பி வருவது பழைய கிரேடோடே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேஐ-67 4%ஆக இருந்தது 18 அல்லது 25ஆக மாறியிருக்கலாம். மருந்து தேர்வே அதனால் மாறும். பல முடிச்சுகள் இருந்து ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்தால், அந்த ஒன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். டோட்டாடேட், எஃப்டிஜி இரண்டு பெட்டும் எடுத்து, முதலாவதில் மங்கி இரண்டாவதில் ஒளிரும் இடத்தைக் குறிவைப்பார்கள். பழைய அறுவையின் பாராஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஸ்லைடு மட்டும் போதாது, புதுச் சாயம் போடப் பிளாக்தான் வேண்டும்.

மாசா மாசம் இடுப்புல போடுற ஊசி, ரெண்டு வாரத்துலயே பேதி திரும்புது. ஊசி வேலை செய்யலையா?

மருந்தைக் குறை சொல்லும் முன் போட்ட விதத்தைப் பாருங்கள். கட்டியின் ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு நீள்செயல் ஊசி 20 அல்லது 30 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒன்று, புட்டத்துத் தசைக்குள் ஆழமாக. பொடியைக் கலக்கும் முன் பெட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். குளிரோடு கலந்தால் கட்டி தட்டும். கலந்த பிறகு உடனே போட வேண்டும், தாமதித்தால் அடியில் படிந்து ஊசியை அடைக்கும். பாதி மருந்து சிரிஞ்சிலேயே நின்றுவிடும். பருமனானவர்களுக்குத் தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்குவதும் உண்டு. அதே வகையைச் சேர்ந்த லான்ரியோடைடு 120 மில்லிகிராம் கலக்கத் தேவையில்லாதது, 28 நாளுக்கு ஒன்று, தோலுக்கடியில் ஆழமாக, சுமார் 20 விநாடி எடுத்து மெதுவாக.

பேதியிலும் வகை பார்க்க வேண்டும். மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, நாற்றமெடுத்தால் அது ஊசியின் பக்கவிளைவு. கணைய நொதி குறைவதால் வருவது. உணவோடு நொதி மாத்திரை போட்டால் சரியாகும். ஊசி அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். பித்தப்பைக் கல்லும் இந்த ஊசியால் வரும்.

ரத்தக்குழாயை அடைக்கிறது, லுடீசியம், மாத்திரைன்னு மூணு சொல்றாங்க. எது நல்லது?

நோய் ஈரலுக்குள் மட்டும் இருந்து அதிகம் சுரக்கிறது என்றால் தமனியை அடைக்கும் எம்போலைசேஷனுக்கு இடமுண்டு. ஈரல் தன் ரத்தத்தில் முக்கால் பங்கைப் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலிருந்து வாங்குகிறது, கட்டி வாழ்வதோ தமனியை நம்பி. அதை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் தப்பிக்கும். சில நாள் காய்ச்சலும் வலியும் எதிர்பார்த்ததே. கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவை முன்பே நடந்து பித்தக்குழாயைக் குடலோடு இணைத்திருந்தால் இதில் சீழ்க்கட்டி ஆபத்து அதிகம். அதை மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் ஈரலுக்கு வெளியிலும் இருந்து, டோட்டாடேட் பெட்டில் நன்றாக ஒளிர்ந்தால், ரத்தத்தில் ஏற்றும் கதிரியக்க மருந்தான லுடீசியம்-177. ஒளிராவிட்டால் வீண். 7.4 ஜிகாபெக்கரல், அதாவது 200 மில்லிகியூரி, எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. சிறுநீரகத்தைக் காக்க லைசினும் அர்ஜினினும் கூடவே ஏறும். வாந்தி வருவது பெரும்பாலும் அதனால்தான். 2017இல் வெளியான நெட்டர்-1 ஆய்வில் 20 மாத முடிவில் நோய் வளராமல் இருந்தவர்கள் 65%, ஒப்பீட்டுக் குழுவில் 11%. அந்த ஆய்வு சிறுகுடல் வகை நெட்டில் நடந்தது. ஈரலில் பிறந்ததற்கு அதை நீட்டித்துப் பயன்படுத்துகிறோம், அவ்வளவு அபூர்வமான நோய்க்குத் தனி ஆய்வு நடத்த ஆள் சேராது. எவரோலிமஸ் 10 மில்லிகிராம் மாத்திரை பெரும்பாலும் இவற்றுக்குப் பிறகு. வாய்ப்புண், சர்க்கரை ஏறுவது இரண்டையும் கவனிக்க வேண்டும்.

லுடீசியம் போட்டுட்டு வந்தா பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

சுமார் ஒரு வாரம் வேண்டாம். மருத்துவமனை எத்தனை நாள் சொல்கிறதோ அதுவே கணக்கு. கர்ப்பிணிகளிடமும் அதே தூரம். மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் வெளியேறும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். ஒரே வீட்டில் சமைப்பதற்கும் பேசுவதற்கும் தடையில்லை.

ஈரலையே மாத்திட்டா மொத்தமா முடிஞ்சிடுமே? ஸ்டீவ் ஜாப்ஸ்கூட மாத்திக்கிட்டாரே?

அவருக்குக் கணைய நெட். 2004இல் அறுவை, 2009இல் ஈரல் மாற்று, 2011இல் மரணம். ஒருவரின் கதையை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. இத்தாலியின் மிலான் குழு வகுத்த நிபந்தனைகள் கடுமையானவை: கிரேடு 1 அல்லது 2, மூலக் கட்டி முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஈரலில் பாதிக்கு மேல் நோய் இருக்கக் கூடாது, ஆறு மாதமாவது நோய் அசையாமல் இருந்திருக்க வேண்டும், வயது 60க்குள். இப்படிச் சலித்து எடுத்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 97% என்று 2016இல் அந்தக் குழு எழுதியது. சலித்ததால் வந்த எண் அது.

ஈரலிலேயே பிறந்த நெட்டாக இருந்து வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் மாற்று பேசப்படும். அங்கேதான் மூன்றாவது கேள்வியின் பதில் திரும்ப வந்து நிற்கிறது. குடலில் ஒளிந்த மூலம் ஒன்று விட்டுப்போயிருந்தால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தோடு புது ஈரலுக்கும் விதை விழும்.

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன், பல் பிடுங்கறது மாதிரி சின்ன விஷயத்துக்கும் நெட் இருக்குன்னு சொல்லணுமா?

சொல்ல வேண்டும், குறிப்பாக முகச்சிவப்போ பேதியோ உள்ளவர்களுக்கு. மயக்க மருந்து, வலி, பதற்றம், ஈரல் பயாப்சி ஊசிகூடக் கட்டியிலிருந்து ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டவைக்கலாம். ரத்த அழுத்தம் சரியும், முகம் கருஞ்சிவப்பாகும், மூச்சு இறுகும். இதற்குக் கார்சினாய்டு கிரைசிஸ் என்று பெயர். பல் மருத்துவர் மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், அதுவும் தூண்டலாம். அட்ரினலின் கலக்காத ஊசியும் உண்டு. பெரிய அறுவை என்றால் ஆக்ட்ரியோடைடு தயாராக இருக்கிறதா என்று மயக்க மருத்துவரிடம் முந்தைய நாளே பேசிவிடுங்கள். நோயின் பெயர், போடும் ஊசி, கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தால், அவசரத்தில் கூட வருபவருக்கு இந்த நீளமான பெயரை உச்சரிக்கும் வேலை மிச்சம்.